யூடோரா வீட்டுப் புதினா

கொதிக்கிற சர்க்கரைப் பாகில், காலையில் மாமியார் கொடுத்த புதினாக் கட்டு முழுதாக விழுந்துவிட்டது. வெண்டெல் கரண்டியால் தூக்கிப் பார்த்தான். வெந்த கீரையாகத் தொங்கியது.

டெர்பி குதிரைப் பந்தயம் தொடங்க நாற்பது நிமிடம். டிவி வைத்த வராந்தாவில் பதினாறு பேர் வெள்ளிக் கோப்பையில் வரும் பானத்துக்காகக் காத்திருந்தார்கள். அன்றைக்கு அவன் மாமியார் யூடோரா கையால், விஸ்கியில் புதினாவும் பாகும் கலந்த மின்ட் ஜூலெப் குடித்தால்தான் பார்ட்ஸ்டவுன் ஊரில் பெரிய மனிதர். போர்பன் விஸ்கி எந்த வீட்டிலும் கிடைக்கும். நான்கு தலைமுறையாக அவள் கொல்லையில் வளரும் புதினா வேறெங்கும் கிடைக்காது. இந்த வருடம் அவள் மணிக்கட்டில் மாவுக்கட்டு. வேறு வழியில்லாமல் பக்கத்து மாநிலத்து ஒஹையோக்கார மருமகனிடம் விட்டிருந்தாள்.

"மாப்பிள்ளை, ஆச்சா?"

"ஐஸ் உடைக்கிறேன் அத்தை!"

"பொடிப்பொடியா உடைங்க! உங்க ஊர்ல பாறாங்கல்லா போடுவாங்க போல."

விருந்தாளிகள் சிரித்தார்கள்.

வெண்டெல் கொல்லைக்கு ஓடினான். புதினாப் பாத்தியைச் சுற்றி ஆளுயரப் பலகை வேலி, கதவில் பூட்டு. சாவி அத்தையின் கழுத்துச் சங்கிலியில். கடைக்குப் போன் போட்டான்.

"டெர்பி அன்னிக்கு சாயங்காலம் புதினாவா? எந்த ஊருய்யா நீ?"

பக்கத்து வீட்டில் ஹோபர்ட் என்ற கிழவர், மூன்று பூனைகளோடு தனியாக இருந்தார். அவர் தோட்டத்து மூலையில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. வெண்டெல் சுவரேறிக் குதித்தான். கால்சட்டை பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. ஒரு இலையைக் கசக்கி மோந்தான். புதினா மாதிரிதான் இருந்தது. இரண்டு கை நிறையப் பறித்ததும், செடிக்குள் படுத்திருந்த பூனைகள் அவன் மேல் பாய்ந்தன.

கீறலோடு சமையலறைக்கு வந்தான். பூனைகளும் வந்தன. ஒன்று மேஜையில் ஏறி நாலு கோப்பையை உருட்டியது. விரட்டினால் அடுத்தது ஏறியது.

"மாப்பிள்ளை! குதிரைங்க வரிசையில நிக்குது!"

கிழிசலை மறைக்க ஏப்ரனைப் பின்பக்கமாகக் கட்டிக்கொண்டு தட்டைத் தூக்கினான். பூனைகள் ஊர்வலமாகப் பின்னால் வந்தன. ஓய்வுபெற்ற நீதிபதி கோப்பையை வாங்கியதும் ஒரு பூனை அவர் மடியில் ஏறி, கோப்பைக்குள் முகத்தை விட்டது.

நீதிபதி பூனையைத் தள்ளிவிட்டு ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

"யூடோரா, அதே ருசி! அம்பது வருஷமா அப்படியே இருக்கு. உங்க கொல்லைப் புதினான்னா புதினாதான்!"

யூடோரா குடிக்கவில்லை. பூனைகளைப் பார்த்தாள். பிறகு மருமகனைப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது.

"எங்க பறிச்சீங்க?" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வெண்டெல் வாயைத் திறப்பதற்குள், பூனைகளைத் தேடி வந்த ஹோபர்ட் வராந்தாப் படியில் நின்று சத்தம் போட்டார்:

"ஏம்மா யூடோரா, பூனைங்களுக்காக நான் வளர்க்கிற செடிய வருஷா வருஷம் டெர்பி அன்னிக்கு காலையில நீ வந்து பறிக்கிறது போதாதா? சாயங்காலம் மருமகனையும் அனுப்பினா, என் பூனைங்க எதுல உருளும்?"