குடுமியா, சடையா?

"இனிமே இந்த வீட்டு டிவியில ஒரிஜினல் மட்டும்தான் ஓடும்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தட்டில் இட்லி விழுவதற்கு முன்பே இப்படி முழங்கிவிட்டேன். முழங்கியதில் தப்பில்லை. இட்லி விழுந்த பிறகு முழங்கியிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு இரண்டு இட்லி குறைந்தது.

என் பெயர் ஆவுடையப்பன். திண்டுக்கல்லில் பம்ப்செட் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆத்தூர், கன்னிவாடி, நத்தம் என்று நாலா பக்கமிருந்தும் விவசாயிகள் வருவார்கள். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு பேரிங்கைக் கையில் கொடுத்தாலும், ஒரிஜினலா லோக்கலா என்று சொல்லிவிடுவேன். கடையில் எனக்கு அம்புட்டு மரியாதை. வீட்டுக்கு வந்தால் அந்த மரியாதையைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

விவகாரம் ஒரு வீடியோ கேம்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அரைப் பரீட்சையில் கணக்கில் பாஸாகிவிட்டேன். அந்த அதிர்ச்சியில் அப்பா வாங்கிக் கொடுத்தது. டிவியில் வயரைச் செருகி, கேசட்டை நாலு ஊது ஊதி உள்ளே அழுத்தினால் கேம் வரும். கேசட் மேலே ஒட்டியிருந்த படத்தில் ஒரு போர் விமானம் பறக்கும். உள்ளே விமானமே கிடையாது. குடுமி வைத்த ஒருத்தன் கையில் கம்போடு ஓடுவான். கேமின் உண்மையான பெயர் எங்கள் தெருவில் எவனுக்கும் தெரியாது. நாங்கள் 'குடுமி' என்று பெயர் வைத்தோம்.

குடுமிக்கு மூன்றே உயிர். மொத்தம் ஆறு ஸ்டேஜ். மூன்று உயிரும் போனால் திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். ஆறாவது ஸ்டேஜில் ஒரு தொங்குபாலம், பாலம் முழுக்க வௌவால், முடிவில் ஒற்றைக்கண் ராட்சசன். அந்த ராட்சசனை நான் இருபத்தொன்பது வருஷமாக ஜெயித்ததில்லை. போன வருஷம் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, விட்டுப்போன வயரை நானே பற்ற வைத்து உயிர் கொடுத்து, ஞாயிறுதோறும் பதினொன்றிலிருந்து ஒன்று வரை ராட்சசனிடம் உதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியில் கல்லைப் போட்டவள் என் மகள் சௌந்தர்யா. கோயம்புத்தூரில் காலேஜ் முதல் வருஷம். லீவுக்கு வந்தவள், உள்ளங்கை அளவு ஒரு பெட்டியை டிவியில் மாட்டினாள்.

"அப்பா, இதுவும் உங்க குடுமி கேம்தான். ரசிகர்கள் எல்லாரும் சேர்ந்து சரிபண்ணி வச்சிருக்காங்க. அம்மாவும் ஆடட்டும்."

பார்த்தேன். குடுமியைக் காணோம். அவன் இடத்தில் நீளமாகச் சடை போட்ட ஒரு பொம்பளைப்பிள்ளை ஓடினாள். மூன்று உயிருக்குப் பதில் ஒன்பது. பாதியில் நிறுத்தி வைத்துவிட்டு, எழுந்துபோய் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்தே ஆடலாம்.

மகள் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். பெட்டி போகவில்லை.

என் மனைவி சூர்யகலா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். என் குடுமியை ஒருநாளும் திரும்பிப் பார்க்காதவள், சடை வந்ததும் தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துவிட்டாள். மாடியில் குடியிருக்கும் நுஸைபாவும் இறங்கி வந்தாள். என் ஞாயிற்றுக்கிழமை இவர்கள் கைக்குப் போய்விட்டது. அதனால்தான் அந்த முழக்கம்.

"ஏங்க, சடையைப் பாத்து எதுக்கு இப்படிச் சடைச்சுக்கிறீங்க?" என்றாள் சூர்யகலா.

"இது கேமே இல்ல. ஆல்ட்ரேஷன்."

"ஆல்ட்ரேஷன்னா மட்டமா? நீங்க போட்டிருக்கிற சட்டையை யார் ஆல்ட்டர் பண்ணுனது? ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு இஞ்சு பட்டை குடுத்திருக்கேன். ஒரிஜினலாத்தான் போடுவேன்னு நின்னா இந்நேரம் மூச்சு விட்ருப்பீங்களா?"

நான் வயிற்றை உள்ளே இழுத்தேன். இழுத்தால் பேச்சு வரவில்லை. விட்டுவிட்டேன்.

"கலா, சட்டை வேற. இது கலை. உண்டாக்குனவன் மூணு உயிர்னு வச்சான்னா அதுல ஒரு அர்த்தம் இருக்கும். செத்துச் செத்துக் கத்துக்கணும்."

"அதான் கல்யாணமாகி இருவது வருஷமா நீங்க கத்துக்கிட்டு இருக்கீங்களே. எங்களுக்கு ஒம்பது உயிர் இருந்துட்டுப் போகுது."

நுஸைபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணே, உங்க குடுமியை நீங்களே ஒரு தடவைகூட முடிச்சதில்லையாமே? அக்கா சொல்லுச்சு."

சுயமரியாதை உள்ள எவனுக்கும் ரத்தம் கொதிக்கும். எனக்கும் கொதித்தது.

"ரெண்டு வாரம் குடு. ஒரே மூச்சுல முடிச்சுக் காட்டுறேன். முடிச்சுட்டா இந்த வீட்டுல ஒரிஜினல்தான். அந்தப் பெட்டியைக் கழட்டிறணும்!"

"முடிக்கலைன்னா?"

"உங்க இஷ்டம். சடையே ஆடட்டும்."

சூர்யகலா தையல் மிஷின் பக்கம் போய் வந்தாள். பிறகு ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டை நீட்டினாள். "எழுதிக் குடுங்க. நாளைக்குப் பேச்சு மாறக் கூடாது."

"ஞாயிற்றுக்கிழமை டிவியில் குடுமி மட்டும்தான் ஓடும்" என்று எழுத ஆரம்பித்தேன்.

"குடுமின்னு எதுக்கு? 'ஒரிஜினல் எதுவோ அது மட்டும்'னு எழுதுங்க. கௌரவமா இருக்கும்."

எவ்வளவு பண்பான மனைவி! அப்படியே எழுதி, பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக்கு நுஸைபாவும் போட்டாள்.

அடுத்த இரண்டு வாரம் நான் மனிதனாக இல்லை. குடுமியாக இருந்தேன். விடிந்ததும் ஜாய்ஸ்டிக். கடையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் ஒரு கையில் சோறு, ஒரு கையில் ஜாய்ஸ்டிக். தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் என்னவென்று பார்க்காமலே தின்றேன். கட்டைவிரலில் கொப்புளம் கிளம்பித் துணி சுற்றிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன அப்பு, கையில கட்டு?" என்றார் கன்னிவாடியிலிருந்து வந்த ஒரு பெரியவர்.

"ராட்சசன்" என்றேன். பிறகு சுதாரித்து, "ராட்சசன் மாதிரி ஒரு மோட்டார். விரல் மாட்டிக்கிருச்சு" என்றேன். மனுஷன் பாவம், வருத்தப்பட்டுக்கொண்டே வாஷர் வாங்கிப் போனார்.

ஆச்சரியம் என்னவென்றால், சூர்யகலா எனக்கு உதவி செய்தாள். இஞ்சி டீ போட்டுத் தந்தாள். கொப்புளத்துக்கு மருந்து தடவினாள். நுஸைபா ஆட வந்தபோது, "அவுக பழகட்டும், நீ பெறகு வா" என்று திருப்பி அனுப்பினாள். கல்யாணமான புதிதில்கூட இம்புட்டு அக்கறையைப் பார்த்ததில்லை. தோற்கப் போகிறவளின் பெருந்தன்மை என்று நினைத்து உள்ளுக்குள் உருகினேன்.

பத்தாவது நாள் ராட்சசனின் ரகசியத்தைப் பிடித்தேன். இரண்டு தடவை குதிப்பான். மூன்றாவது தடவை தும்முகிறவன்போல் குனிவான். அந்தத் தும்மலில் அடித்தால்தான் அடி அவன்மேல் விழும். இருபத்தொன்பது வருஷமாக நான் அவன் குதிக்கும்போது அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

அந்த ஞாயிறும் வந்தது. காலை பதினொன்று. நுஸைபா சொந்த நாற்காலியோடு வந்துவிட்டாள். ஜாக்கெட் வாங்க வந்த மூன்று பெண்கள், ஜாக்கெட்டை மறந்து நின்றார்கள். நான் கேசட்டை ஊதினேன். சங்கு ஊதியது மாதிரி இருந்தது.

முதல் மூன்று ஸ்டேஜ் தண்ணீர் பட்ட பாடு. நாலாவதில் ஒரு பாறை உருண்டு ஓர் உயிர் போனது. தொங்குபாலத்தில் ஒரு வௌவால் வந்து இன்னோர் உயிரைக் கொத்திக்கொண்டு போனது.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு!" என்று நுஸைபா கத்தினாள்.

"தெரியும்மா! பேசாதே!"

ராட்சசன் வந்தான். குதித்தான். ஒதுங்கினேன். குதித்தான். ஒதுங்கினேன். தும்மினான். போட்டேன் ஒரு போடு! பன்னிரண்டு தும்மல், பன்னிரண்டு போடு. ராட்சசனின் ஒற்றைக் கண் படபடவென்று அடித்துக்கொண்டது. ஆள் துண்டுதுண்டாகச் சிதறினான். திரை கறுத்தது. நடுவில் வெள்ளை எழுத்தில், இங்கிலீஷில், 'முடிந்தது' என்று வந்தது.

எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. சோபாவில் ஏறி நின்றேன். லுங்கியை மடித்துக் கட்டினேன். மூன்று பெண்களும் கைதட்டினார்கள். நுஸைபா விசிலே அடித்துவிட்டாள். வாசலுக்கு ஓடி, தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தவரிடம், "முடிச்சுட்டேன்யா!" என்றேன். "கேன் இன்னும் ரெண்டு இருக்கு சார்" என்றார் அவர். அவரையும் கட்டிப்பிடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பரீட்சை, வேலை, கல்யாணம், கடை என்று எதிலும் நான் முதல் ஆளாக வந்ததில்லை. அன்றைக்கு வந்தேன்.

உள்ளே வந்து, மீசையைத் தடவி, அரசாணை போல் சொன்னேன்.

"கலா! நோட்டை எடு. பெட்டியைக் கழட்டு."

"கழட்டிறலாங்க" என்றாள் சூர்யகலா. முகத்தில் தோல்வியின் சாயல் கொஞ்சமும் இல்லை. "எதைக் கழட்டணும்னு மட்டும் பாத்துக்கிருவோம்."

சடை கேமைப் போட்டாள். ஆரம்பத்திலேயே ஒரு பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்து வந்தது. சௌந்தர்யா முதலில் போட்டுக் காட்டியபோது நான் படிக்காமலே பட்டனை அமுக்கித் தள்ளிவிட்ட பக்கம்.

"இதை என்னைக்காவது படிச்சீங்களா? நான் முத நாளே படிச்சேன். ஜப்பான்ல இந்தக் கேம் வந்தப்பவே கதாநாயகி சடை போட்ட பொண்ணுதானாம். ஒம்பது உயிர், ஒம்பது ஸ்டேஜ். பெறகு டூப்ளிகேட் போட்டவங்க கேசட்டுல இடம் பத்தாம கடைசி மூணு ஸ்டேஜை வெட்டிட்டு, சீக்கிரம் முடிஞ்சிறக் கூடாதுன்னு உயிரைக் கொறச்சிருக்காங்க. கேஸ் வந்துறக் கூடாதுன்னு சடையைச் சுருட்டிக் குடுமியாக்கிட்டாங்க. ரசிகர்க பழைய ஜப்பான் கேசட்டைத் தேடிப் பிடிச்சு, இருந்தது இருந்தபடியே திரும்பக் கொண்டாந்திருக்காங்க. எழுத்தை மட்டும்தான் இங்கிலீஷ் ஆக்கியிருக்காங்க."

"பாத்தியா! எழுத்தை மாத்திட்டாங்கல்ல? அப்ப அது ஆல்ட்ரேஷன்தான!"

அவள் ஒரு பட்டனை அமுக்கினாள். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்தாக மாறியது. "இந்தாங்க, ஒரிஜினல். படிங்க."

நான் படிக்கவில்லை.

"நம்ப மாட்டேன்" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து என் கேசட்டைப் பிரித்தேன். அவ்வளவு பெரிய கேசட்டுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு பச்சைத் தகடு. அதன் நடுவில் கறுப்பு மெழுகை உருக்கி ஊற்றியது மாதிரி ஒரு பொட்டு. ஆடாமல் இருக்க ஓரத்தில் மடித்துச் செருகிய அட்டைத் துண்டு. இதை எவனாவது என் கடையில் கொண்டுவந்து நீட்டியிருந்தால், தொட்டுப் பார்க்கக்கூட மாட்டேன். எட்டி நின்றே சொல்லியிருப்பேன். லோக்கல்.

"அப்ப நான் முடிச்சது?" என்றேன்.

"இடைவேளை வரைக்கும்" என்றாள் சூர்யகலா.

"ஆனா அண்ணே, இடைவேளை அருமையா இருந்துச்சு" என்று நுஸைபா ஆறுதல் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் தோற்றிருந்தால் சடை. ஜெயித்தாலும் சடை. என் கையெழுத்தே அவளுக்குக் காவல். இஞ்சி டீ எதற்கு என்றும் விளங்கியது. தோற்றுப்போயிருந்தால் இன்னொரு வாய்ப்புக் கேட்டு ஆறு மாசம் டிவியை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன். ஜெயிக்க வைத்து முடித்துவிட்டாள்.

சூர்யகலா அவசரப்படாமல் என் குடுமி கேமின் மஞ்சள் வயரை டிவியிலிருந்து பிடுங்கிச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு என் கையிலேயே கொடுத்தாள். பிறகு நுஸைபாவோடு சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஏழாவது ஸ்டேஜைத் தொடங்கினாள். அங்கே எரிமலை இருந்தது. பறக்கும் மீன் இருந்தது. இருபத்தொன்பது வருஷமாக எனக்குத் தெரியாத ஓர் உலகமே இருந்தது. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சடை பறந்து பறந்து அடித்தாள். மனசாட்சிப்படி சொல்கிறேன், கேம் பிரமாதமாக இருந்தது.

"கலா, எனக்கு ஒரு தடவை..."

"தாரேன், தாரேன். சும்மாதான உக்காந்திருக்கீங்க?" மடியில் ஒரு மாம்பழ நிற ஜாக்கெட் வந்து விழுந்தது. கூடவே ஊசியும் ஒரு பொட்டலம் கொக்கியும். "ஆறே ஆறு கொக்கி. வச்சு முடிங்க, உங்க முறை வந்துரும்."

கொப்புளக் கட்டைவிரலோடு வைத்தேன். இரண்டு தடவை ஊசி குத்தியது. எரிமலையைப் பார்க்காமல், மீனைப் பார்க்காமல், ஒரே மூச்சில் ஆறு கொக்கியையும் வைத்து முடித்து, வெற்றி வீரனாக ஜாக்கெட்டைத் தூக்கிக் காட்டினேன்.

திரையிலிருந்து அரைக் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள் சூர்யகலா.

"ஆறும் தப்பான பக்கம். பிரிச்சுட்டு மறுபடி வைங்க, எனக்கு இன்னும் ரெண்டு ஸ்டேஜ் இருக்கு."