தோற்கவும் ஒரு மனசு வேண்டும்

அன்புள்ள மச்சானுக்கு, உன் அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காவும் சுகம். அவளுடைய முழங்கால் வலியும் அவளோடு சுகமாகவே இருக்கிறது. அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடனே தெரிவிக்கவும். "ஃபோன்ல பேசினா ஆகாதா, இதுக்குப் போய்க் கடுதாசியா?" என்று உன் அக்கா கேட்கிறாள். ஃபோனில் பேசினால் பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்வதை எல்லாம் திருத்துவாள். அதனால்தான் கடிதம்.

விஷயம் என் மனசாட்சி சம்பந்தப்பட்டது, கேலி பண்ணாமல் படி. ஓய்வு பெற்றதிலிருந்து ஞாயிறு மத்தியானம் அச்சகக்காரர் வீட்டு மாடியில் கேரம் ஆடப் போகிறேன் அல்லவா, அங்கே பல் டாக்டரும் வருவார். போன மழைக்காலத்தில் டாக்டருக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, நல்லபடியாகத் திரும்பி வந்தார். வந்ததும் அச்சகக்காரர் என்னை மாடிப்படியில் மடக்கி, "சார், அவர் மனசு நோகக் கூடாதாம். நீங்கதான் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆடணும்" என்று காதைக் கடித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போட்டே தலை நரைத்தவன் நான். என்னிடம் போய்க் கள்ள ஆட்டம் ஆடச் சொன்னால்? இருந்தாலும் சிநேகிதன் உயிராச்சே என்று சரி சொல்லிவிட்டேன்.

வேண்டுமென்றே தோற்பது லேசான வேலை இல்லை, மச்சான். விழப்போகிற காயை விழாமல் அடிக்க வேண்டும், அடித்துவிட்டுத் தவறிப்போனது போல "ச்சே!" என்று கையை உதற வேண்டும். ஒருநாள் அந்த "ச்சே" கொஞ்சம் அதிகமாகி, கை பட்டுப் பவுடர் டப்பா பறந்து, அச்சகக்காரர் முகமெல்லாம் வெள்ளை. இன்னொரு நாள் ஸ்ட்ரைக்கர் பலகையைத் தாண்டிப் போய் அவருடைய டீ டம்ளருக்குள் விழுந்தது. பாவம் மனிதர், அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டு மீதி டீயையும் குடித்தார். இவ்வளவு பாடுபட்டதற்கு நன்றி உண்டா? டாக்டருக்குத் தலைக்கனம் ஏறி எனக்கே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். "விரலை அப்படி வளைக்காதீங்க சார், அது என்ன எறும்பைச் சுண்டுற மாதிரி?" என்கிறார். பல் பிடுங்குகிற மனுஷன் எனக்குக் கேரம் சொல்லித் தருகிறார்! எனக்குச் சோறு இறங்கவில்லை. எடை குறைத்துப் போட்டால் மட்டும்தான் குற்றமா, கூட்டிப் போட்டாலும் அது பொய்த் தராசுதானே? ஒரு மனுஷனுக்கு அவன் யோக்கியதைக்கு மேலேயே நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேனே என்று மனசு குத்தியது.

போன ஞாயிறு உண்மையாக ஆடுவது என்று முடிவெடுத்தேன். அச்சகக்காரரிடம் சொன்னதும், "ஐயோ சார், ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யார் பதில் சொல்றது?" என்று அலறி, டாக்டருடைய மாத்திரையை எடுத்துப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து, வாசலில் ஒரு வாடகைக் காரையும் நிறுத்தி வைத்தார். நான் சட்டைக்கையை மடித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஈவிரக்கமில்லாமல் ஆடினேன். என்னிடம் இருக்கிற வித்தை அத்தனையையும் இறக்கினேன். தோற்றுவிட்டேன்.

சும்மா தோற்கவில்லை, மனுஷன் என்னைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். அவர் எங்கேயோ பார்த்து அடிக்கிறார், காய் குழியைத் தேடிப் போய் விழுகிறது. நான் குறி வைத்து அடித்தால் ஸ்ட்ரைக்கர்தான் விழுகிறது. முடிந்ததும் அச்சகக்காரர் என்னைத் தனியே இழுத்துப் போய், கண் கலங்கி, "கடைசி நேரத்துல உங்களுக்கு மனசு வரலை பாத்தீங்களா! இந்தக் குணம் யாருக்கு சார் வரும்?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "இல்லைய்யா, நிஜமாவே தோத்துட்டேன்" என்றால், "அடக்கத்தைப் பாரு!" என்கிறார். உன் அக்காவிடம் சொன்னேன். "உங்களுக்கு ஆட வரலை, அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டாள். ஒருநாள் கை சரியில்லை என்றால் ஆட வராது என்று அர்த்தமா, நீயே சொல்.

எப்படியானாலும் முன்பு ஆடியது பொய்தான். டாக்டர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஞாயிறு வந்தாலே எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. அந்த ஆள் கோபித்துக்கொண்டு வராமல் போனால் நான் யாரோடு ஆடுவேன், யாரைத் திட்டுவேன்? ஆனாலும் மனசில் பொய்யை வைத்துக்கொண்டு சிநேகிதன் எதிரில் உட்கார எனக்குத் தெரியாது. நாளைக் காலை அவர் கிளினிக்குக்கே போய், இத்தனை நாளும் விட்டுக்கொடுத்துத்தான் ஆடினேன் என்று சொல்லிவிடப் போகிறேன். நடப்பது நடக்கட்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு. பெரியவன் காலையில் நேரத்தோடு எழுந்திருக்கட்டும், சின்னவளுக்கு ஒரு முத்தம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், பொய்புரட்டு இல்லாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்பே போய்ச் சொல்லிவிட்டேன். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "அடப்பாவமே, நீங்களுமா?" என்றார். "ரிட்டயர் ஆனதுல இருந்து சாரோட முகமே வாடிப்போச்சு, ஒரு ஆட்டமாவது அவரை ஜெயிக்க விடுங்கன்னு அச்சகக்காரர் என்கிட்டயும் கெஞ்சினாரு. நானும் கண்ணை மூடிட்டுக்கூட அடிச்சுப் பாத்துட்டேன் சார், முடியலை. உங்ககிட்ட தோக்குற அளவுக்கு எனக்குத் திறமை பத்தலை." படுத்திருந்தவர் வாயை மூடாமலேயே சிரித்தார். டாக்டரும் நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வருகிற ஞாயிறும் ஆட்டம் உண்டு. என் பெருந்தன்மை பற்றி மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். உன் அக்கா ஃபோன் பண்ணிக் கேட்டால், அத்தான் ஜெயித்துவிட்டாராம் என்று மட்டும் சொல்லிவிடு.