தொடக்கூடாத சுவிட்ச்

ஓய்வுபெற்ற கோபோல்காரர் என்று ஓர் இனம் உண்டு. தென்காசிப் பக்கம் வாருங்கள், காட்டுகிறேன். சாரல் காலத்தில் ஐந்தருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டே, வெளிநாட்டு வங்கிக்காரன் கூப்பிடுகிறானோ என்று மனைவி கையிலுள்ள போனை எட்டி எட்டிப் பார்ப்பவர்தான் காந்திமதிநாதன். அறையை அடைத்து நிற்கும் மெயின்ஃப்ரேம் கணினிகளுக்குத் தாத்தா காலத்துக் கோபோல் மொழியில் எழுதிவைத்த புரோகிராம்களை, சென்னையில் உட்கார்ந்து காலமெல்லாம் காத்தவர். காத்தவர் என்றால்? ஒருவரையும் தொடவிடாதவர். எதற்கென்றே தெரியாத வரி ஒன்று நடுவில் கிடக்கும், எழுதியவர் போய்ச்சேர்ந்திருப்பார், எடுத்தால் எந்த ஊரில் யாருடைய பென்ஷன் நிற்குமோ, யார் கண்டது? கிடக்கட்டும். புது மொழியில் மாற்றுகிறோம் என்று வந்த பிள்ளைகளெல்லாம் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கோபோல் இருக்கிறது.

நல்ல கொள்கைதான். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாரே, அதுதான் வினை.

மாடியறை மின்விசிறி நின்றிருந்த ஒருநாள் அடுக்களையில் மிக்ஸி புகைந்துவிட்டது. அன்று முதல் ஆளில்லாத அறையில் விசிறி ஓயாமல் சுற்றுகிறது. கூடத்திலுள்ள அதன் சுவிட்சின்மேல் டேப் ஒட்டியாயிற்று.

"ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று மனைவி மங்களேஸ்வரி கேட்டாள்.

"தெரியலல்லா? அதுக்குத்தாம்ட்டி தொடாதங்கேன்."

மகள் ஸ்ரீவித்யாவுக்கு இந்த வீட்டைவிட்டுத் தப்பினால் போதும் என்றாகிவிட்டது. "அந்தச் சுவிட்சை எவன் அணைக்கானோ, அவனைத்தாம்மா கட்டுவேன்" என்று தாயிடம் சபதமே போட்டாள். சீதைக்கு வில், இவளுக்குச் சுவிட்ச்.

வாசுதேவநல்லூரிலிருந்து செந்தில்வேல் பெண் பார்க்க வந்தான். மாடியைச் சுற்றிப் பார்த்து இறங்கியவன், "மேல ஆளே இல்ல, ஃபேன் ஓடுதே மாமா" என்று டேப்பைப் பிய்த்தான்.

"மாப்ள, தொடாதீய!"

தட்டிவிட்டான். விசிறி நின்றது. வேறொன்றும் ஆகவில்லை. ஸ்ரீவித்யாவுக்கு அப்படியொரு சந்தோஷம். அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டியேவிட்டாள்.

அந்நேரம் பார்த்து, காற்றில் எங்கே மரம் சாய்ந்ததோ, தெருவுக்கே கரண்ட் போயிற்று.

"பாத்தியளா?" என்றார் காந்திமதிநாதன், மெதுவாக.

செந்தில்வேல் சட்டென்று சுவிட்சைப் போட்டான். டேப்பையும் தடவி ஒட்டினான். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. "இனும தொடமாட்டேன் மாமா" என்றான். தன் இனத்தில் ஒருவன் கிடைத்த பூரிப்பில் பெரியவர் அவனைக் கட்டிக்கொண்டார்.

"எனக்கு ஒரு அப்பா போதும்மா" என்று சொல்லிவிட்டு ஸ்ரீவித்யா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாவம் அந்தப் பெண்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டு இரும்பு கேட்டில், யார் எதற்குக் கட்டினார்கள் என்றே தெரியாத துணிக்கயிறு ஒன்று கிடக்குமே? இப்போதே போய் அவிழ்த்துவிட்டு வாருங்கள், பார்ப்போம்.

என்ன, இன்னும் எழுந்திருக்கவில்லை?