தார்ப்பாய் மேல உக்காந்த மாத்துக்கருத்து

மனுசங்கள்ல எத்தனையோ ரகம் இருக்குங்க. பஸ்ஸு நிக்கிறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா துண்டப் போட்டு சீட்டு புடிக்கிறவன், கல்யாணத்துல மொதப் பந்தியிலயும் உக்காந்து கடைசிப் பந்தியிலயும் உக்காந்து நடுவுல பாயசம் எப்படின்னு விசாரிக்கிறவன், ஆஸ்பத்திரிக்கு நோயாளியப் பாக்க வந்து அதே நோயில செத்தவங்க பேரா அடுக்குறவன். இவங்களயெல்லாம் விடுங்க, பாவம். இன்னைக்கு நான் காதப் புடிச்சுத் தூக்கிக் காட்டப் போறது வேற ரகம். மாத்துக்கருத்துக்காரன்!

எப்படி அடையாளம் கண்டுபுடிக்கிறது? ரொம்ப சுளுவு. பத்து பேரு ஒரு விஷயத்துக்கு ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு இருக்கப்ப, பதினோராவதா ஒருத்தன் தொண்டையச் செருமுவான். அப்பறம் டிராபிக் போலீசு மாதிரி வலது கையத் தூக்குவான். "இதச் சொன்னா எல்லாரும் என்னை அடிக்க வருவீங்க..."

யாரு வந்தா? ஒரு ஈ கூட எந்திரிக்கல. ஆனா அவன் மொகத்தப் பாக்கணுமே! ஊரே கையில கல்லோட நிக்கிற மாதிரி அப்படி ஒரு பூரிப்பு.

இட்லி பூ மாதிரி இருக்குன்னா, "செங்கல்லு மாதிரி இருந்தாத்தான் இட்லி"ம்பான். பொறந்த புள்ளயப் பாத்து எல்லாரும் அப்பன் சாடைன்னா, இவன் மட்டும் எதுத்த வீட்டுக்காரர் சாடைன்னு சொல்லி ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்த இல்லாம பண்ணிட்டு, காப்பியக் குடிச்சிட்டுப் போயிடுவான்.

இந்த ரகத்துக்குப் புடிச்ச தீனி, முடியாம வந்துகிட்டே இருக்குற படம். அதுலயும் 'ஏஜெண்ட் விட்லாக்' இருக்கே, அது கறிச்சோறு. தெரியாதவங்களுக்குச் சொல்றேன். விட்லாக்குங்கறவன் வெள்ளக்கார உளவாளி. நாப்பது வருசமா உலகத்தக் காப்பாத்திட்டு இருக்கான், இன்னும் பென்சன் வாங்கல. மொத்தம் இருபத்திரெண்டு படம். எல்லாத்தயும் தமிழ் பேச வச்சு டிவியில போட, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து கறிக்கொழம்பு ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டே பாத்து வளந்தவங்க நாங்க. விட்லாக்கு ஒருத்தன்தான், நடிச்ச ஆளு அஞ்சு பேரு. அவங்க பேரு எங்க வாயில நொழயாது. அதனால சுருட்டுக்காரன், மீசக்காரன், தொப்பக்காரன், சொட்டயன், இப்ப உள்ளவன்னு நாங்களே ஞானஸ்நானம் குடுத்துட்டோம்.

ஊரு உலகம் பூரா சுருட்டுக்காரன்தான் ஒசத்தின்னு சொல்லும். தொப்பக்காரன் ஒரே ஒரு படம்தான் நடிச்சான். அதுலயும் ரெண்டு மாடி ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்கி, வில்லனே பாவப்பட்டு மேல காத்துக்கிட்டு நின்னான். அதோட வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

எங்க ஊரு குழந்தைராஜுக்கு அந்தத் தொப்பக்காரன்தான் உசுரு. ஏன்? வேற யாருக்கும் அவன் உசுரு இல்ல. அதான் காரணம்.

போன தை மாசக் கடைசி. நெல்லு கொள்முதல் நெலயத்துக் களம். அறுத்த நெல்லக் கொண்டாந்து குமிச்சுட்டு, நம்ம முறை வர்ற வரைக்கும் காவலிருக்கணும். ஈரம் பாக்குற மீட்டரு பதினேழு சதவீதத்துக்கு மேல காட்டுனா எடுக்க மாட்டாங்க. அதனால நெல்லப் பரப்பி, அதுக்குள்ள கால இழுத்து இழுத்து நடந்து, கிண்டிக் காய வைக்கணும். அஞ்சு நாளு ஆறு நாளு ஆவும். அதுவரைக்கும் மனுசன் என்ன பண்ணுவான்? விட்லாக்கு பேசுவான்.

குழந்தைராஜோட நாலு மா நெலத்துல வெளஞ்ச சம்பா நெல்லு ஆறு நாளா அங்கதான் கெடந்துச்சு. அந்த வீட்டோட ஒரு வருசம் பூரா அந்தக் குமிக்குள்ளதான். பொண்ணு சான்ட்ராவ நர்சிங் சேக்குறது, ஒழுகுற ஓட்ட மாத்துறது, எல்லாமே. அன்னைக்குக் காலையில மீட்டரு பதினாறரை காட்டிடுச்சு. "சாப்புட்டு வந்ததும் உங்க நெல்லுதான்"னு கிளார்க்கு சொல்லிட்டுப் போயிட்டாரு. இன்னும் ஒரே ஒரு மணி நேரம். நெல்லு நனையாம இருந்தாப் போதும்.

பக்கத்துக் குமி காளியம்மாள் அக்காவோடது. வானிலை அறிக்கை சொல்றவங்களே அவங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் டிவியில வாயத் தெறப்பாங்கன்னு எங்க ஊர்ல நம்பிக்கை.

"தம்பி, நாகப்பட்டினத்துப் பக்கம் கறுத்துக்கிட்டு வருது. எந்திரி, குமிய மூடு."

சுத்தி எல்லாரும் தார்ப்பாய உதறுறாங்க. குழந்தைராஜ் எந்திரிக்கல. அவன் தார்ப்பாய் எங்க? அதுமேலதான் உக்காந்திருக்கான்! நாலா மடிச்சு, சிம்மாசனம் மாதிரி. ஆறு நாளு வாதம் பண்ணதுல அதுல வேரு விட்டுட்டான்.

எந்திரிக்கிற நேரமா அது? எதுக்க உக்காந்திருந்த ஜெக்கரியா அண்ணன், ஸ்கூல் வேன் ஓட்டுறவரு, அப்பத்தான் தீயப் பத்த வச்சாரு.

"மாப்ள, சுருட்டுக்காரன் நடந்து வந்தாலே தரை அதிரும்டா."

தொண்டை செருமுச்சு. கை மேல போச்சு.

"இதச் சொன்னா அடிக்க வருவீங்க. உளவாளி நடந்தா தரை ஏன் அதிரணும்? அவன் என்ன கதிர் அறுக்குற மிசினா? தொப்பக்காரனப் பாரு. டீக்கடையில பக்கத்துல நின்னாக்கூட உளவாளின்னு தெரியாது. இன்சூரன்ஸ் போடச் சொல்லுவானோன்னு நகந்து நிப்ப. அவன்தான்யா உண்மையான ஏஜெண்டு!"

"மூச்சு வாங்குனானே?"

"அதாண்ணே நடிப்பு!"

இதுக்கு நடுவுல உபைதுல்லா பாய். முத்துப்பேட்டையிலேருந்து வைக்கோலுக்கு வெல பேச வந்தவரு. வந்த வேலய விட்டுட்டு அவரும் பூந்துட்டாரு.

"என்னக் கேட்டா வில்லன்தாண்ணே பாவம். சொந்தமா தீவு வாங்கி, முந்நூறு பேருக்கு வேல போட்டுக் குடுத்து, எல்லாருக்கும் ஒரே கலர்ல யூனிபார்மும் தச்சுக் குடுத்து தொழில் பண்ணிட்டு இருந்தான். இவன் போயி மொத்தத்தயும் கொளுத்திட்டு, ஒரு பொண்ண ஏத்திக்கிட்டு போட்டுல போயிட்டான். அந்த முந்நூறு குடும்பத்துக்கு யாருண்ணே கஞ்சி ஊத்துறது?"

குழந்தைராஜ் மொகம் செத்துப்போச்சு. இருக்காதா? தன்னோடத விட மோசமான கருத்து ஒன்னு களத்துல எறங்கிடுச்சுல்ல! சும்மா விடுவானா?

"வில்லனெல்லாம் அப்பறம் பாய். தொப்பக்காரன் படம் ஒன்னுதான் படம். மிச்சம் இருபத்தொன்னும் கோட்டு சூட்டு வெளம்பரம்!"

"தம்பி, காத்து மாறிடுச்சுப்பா," காளியம்மாள் அக்கா கத்துறாங்க.

"எல்லாரும் மழை வரும்னு சொல்றீங்கள்ல? அதுலயே தெரியல, வராதுன்னு?"

இப்படி ஒரு மனுசனப் பெத்து, வளத்து, நாலு மா நெல்லயும் கையில குடுத்திருக்காங்க பாருங்க.

அந்த நேரத்துலதான் விண்ணரசி வண்டியில வந்து எறங்குச்சு. குழந்தைராஜ் சம்சாரம். கையில சாப்பாட்டு கேரியரு. வானத்தப் பாத்துச்சு. தொறந்து கெடக்குற குமியப் பாத்துச்சு. புருசனப் பாத்துச்சு.

"சான்ட்ரா அப்பா, எந்திரிங்க."

"இரு. ஒரு முக்கியமான பாயிண்டு."

"மழை வருதுங்க!"

"அது ஒன்னோட கருத்து."

விண்ணரசி தார்ப்பாயோட ஒரு மூலையப் புடிச்சு இழுத்துப் பாத்துச்சு. ம்ஹூம். மூட்டை தூக்குற நானும் ஒரு கை குடுத்தேன். நகரல. மொத சொட்டு என் கழுத்துல விழுந்துச்சு.

அந்தப் பொண்ணு என்னா பண்ணுச்சு தெரியுமா? கத்தல, அழல. கேரியரக் கீழ வச்சுட்டு, முந்தானையால மொகத்தத் தொடச்சுக்கிட்டு, சாவகாசமா சொல்லுச்சு.

"நானும் யோசிச்சுப் பாத்தேங்க. நீங்க சொல்றதுதான் சரி. தொப்பக்காரன்தான் பெரிய நடிகன்."

ஆறு நாளா கத்திக்கிட்டு கெடந்த களம், கொக்கு எறங்குனா சத்தம் கேக்குற மாதிரி அடங்கிடுச்சு. ஜெக்கரியா அண்ணன் விண்ணரசி கண்ணப் பாத்தாரு. புரிஞ்சிடுச்சு.

"ஆமா மாப்ள. எனக்கும் தொப்பக்காரன்தான். சுருட்டுக்காரன இன்னையோட விட்டேன்." வேன் கண்ணாடியில சுருட்டுக்காரன் படத்த ஒட்டி, அதுக்கு ஊதுபத்தியும் காட்டுற மனுசங்க அவரு. அதச் சொல்றதுக்குள்ள ஒரு சுத்து எளச்சுட்டாரு.

"முத்துப்பேட்டை பூரா தொப்பக்காரன் பக்கம்தாண்ணே," உபைதுல்லா பாய்.

"எனக்கும் அவருதான் தம்பி," காளியம்மாள் அக்கா. தொப்பக்காரன் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது. பஞ்சாயத்து எலெக்சன்ல நிக்கிறாருன்னு நெனச்சிருப்பாங்க.

குழந்தைராஜ் சுத்திச் சுத்திப் பாத்தான். எதுக்குறதுக்கு ஒரு ஆளு இல்ல! தண்ணி வத்துன வாய்க்கால்ல கெண்டை வாயத் தொறக்குமே, அந்த மாதிரி தொறந்தான், மூடுனான்.

"அப்படி... ஒரேடியாவும் சொல்லிட முடியாது."

"ஏங்க?"

"மூச்சு வாங்குதுல்ல அவனுக்கு?"

"அதான நடிப்புன்னீங்க?"

"சொன்னேன். நான் ஒருத்தன் சொன்னப்ப சரியா இருந்துச்சு. எல்லாரும் சேந்து சொல்றப்ப இடிக்குது."

தொண்டை செருமுச்சு. கை மேல போச்சு. ஆனா இந்தத் தடவ உக்காந்துக்கிட்டு சொல்ற சின்னக் கருத்தா? ஆறு நாளா தானே கட்டுன கோட்டைய தானே இடிக்கணும். அதுக்கு ரெண்டு காலும் வேணுமே.

எந்திரிச்சான்.

"இதச் சொன்னா அடிக்க வருவீங்க. சுருட்டுக்காரன் நடந்து வந்தா..."

சர்ருன்னு ஒரு சத்தம். தார்ப்பாய் விண்ணரசி கையில! ஆளுக்கொரு மூலையப் புடிச்சு ஓடுனோம். கடைசி மூலையில கல்ல வைக்கவும், வானம் பொத்துக்கிட்டு ஊத்தவும் சரியா இருந்துச்சு. நடுக்களத்துல குழந்தைராஜ் மட்டும் நனைஞ்சுக்கிட்டே நிக்கிறான், கையத் தூக்குன மேனிக்கி, "தரை அதிரும்யா!"ன்னு இடிச் சத்தத்துக்குப் போட்டியா கத்திக்கிட்டு.

அரை மணி நேரத்துல மழை விட்டுச்சு. கிளார்க்கு வந்து தார்ப்பாய வெலக்கி மீட்டரப் போட்டாரு. பதினாறே முக்கால். தப்பிச்சுச்சு நெல்லு. மூட்டை புடிச்சு, தச்சு, எடை போட்டு, லாரியில ஏத்துற வரைக்கும் விண்ணரசி கூடவே நின்னுச்சு. அப்பறம்தான் சோத்தப் போட்டுக்கிட்டே சொல்லுச்சு.

"அந்தத் தொப்பக்காரன் படத்துல நீங்க பேரு போடுற பாட்டு முடியுறதுக்குள்ளயே தூங்கிட்டீங்க. நானும் சான்ட்ராவும்தான் முழுசாப் பாத்தோம்."

வேற ஆளா இருந்தா சோத்துலயே மொகத்தப் பொதச்சிருப்பான். நம்மாளு?

"தூங்கிக்கிட்டே பாத்தாத்தான் அந்தப் படத்தோட ஆழம் புரியும்."

இப்பவும் ஊர்ல எல்லாரும் விண்ணரசிதான் நெல்லக் காப்பாத்துச்சுன்னு பேசிக்கிறாங்க. குழந்தைராஜ் மட்டும் கையத் தூக்குறான். "இதச் சொன்னா அடிக்க வருவீங்க. அன்னைக்கு அடிச்ச காத்துக்கு அந்தத் தார்ப்பாய் திருவாரூருக்கே பறந்திருக்கும். நான் மேல உக்காந்திருந்ததாலதான் அது களத்துல இருந்துச்சு."

அடிக்கத்தான் போனேன். ஜெக்கரியா அண்ணன் புடிச்சுக்கிட்டாரு.

நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா இத இதுவரைக்கும் படிச்சதுல எங்கயாவது ஒரு எடத்துல, "எல்லாரும் சிரிக்கிற அளவுக்கு இதுல ஒன்னும் இல்லயே, என் கருத்து வேற"ன்னு தொண்டை லேசா கரகரத்துச்சா? கை தன்னால மேல போச்சா? தப்பே இல்ல, தாராளமா சொல்லுங்க. சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க. எந்திரிச்சு, எதுமேல உக்காந்திருக்கீங்கன்னு ஒரு தடவ பாத்துடுங்க.