தான்சானியா துக்கத்துக்குத் தஞ்சாவூரில் சாமியானா

என்னை ஆங்கில மேதை என்று நம்பிய ஒரே மனிதர் இந்தப் பூலோகத்தில் சாமியானா பாஸ்டர்தான். என் மனைவி நம்பியதில்லை. கல்லூரியில் என்னிடம் ஆங்கிலம் படித்தவர்கள் நிச்சயமாக நம்பியிருக்க மாட்டார்கள்.

வாரத்தில் ஆறு நாள் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் சாமியானா, நாற்காலி வாடகைக்கு விடுவார். ஞாயிற்றுக்கிழமை அதே சாமியானாவின் கீழ் ஜெபக்கூட்டம். தஞ்சாவூரில் பொறியியல் படிக்கிற ஆப்பிரிக்கப் பிள்ளைகள் நாலு பேர், ஹாஸ்டல் சோறு பிடிக்காமல் எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டுக்கு வாடகைக்கு வந்ததும், மனிதர் என் வாசலில் நின்றார்.

"சார், பாவம், கடல் தாண்டி வந்திருக்குதுங்க. சுவிசேஷம் சொல்லணும். நான் தமிழ்ல சொல்றேன், நீங்க இங்கிலீஷ்ல எடுத்து வுடுங்க."

நான் திருநீறு பூசுகிற ஆசாமி. ஆனாலும் மேதை என்று ஒருவர் சொல்லும்போது மறுக்கவா முடியும்? போனோம். பாஸ்டர் ஆதாமில் ஆரம்பித்து மூச்சுவிடாமல் பேசினார். நான் வேர்த்து விறுவிறுத்து மொழிபெயர்த்தேன். தான்சானியாவிலிருந்து வந்த இம்மானுவேல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் தாத்தாவே பாதிரியார்தான் என்றான். அதோடு விட்டானா?

"சார், நீங்க தமிழ்லயே சொல்லுங்க சார். அது கொஞ்சம் புரியிது."

பாஸ்டர் அசரவில்லை. "அப்ப பிரசங்கம் வேணாம், சோறு போடுவோம்" என்றுவிட்டார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நாலு பேருக்கும் அவர் வீட்டில் கறிக்குழம்பு. மொழிபெயர்ப்பாளனுக்கும் ஒரு இலை. கறிக்குழம்பில் மொழிபெயர்க்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சாப்பிட மட்டுமே வாயைத் திறந்தேன்.

போன ஐப்பசி மழையில், இம்மானுவேலின் அம்மா ஊரில் இறந்துபோனார். மறுநாளே அடக்கம். இவன் போய்ச் சேர வழியில்லை. கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். மறுநாள் காலை நான் நிலைக்கண்ணாடி முன் நின்று, இங்கிலீஷில் இரங்கல் வாக்கியம் ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் தெருக்கோடியில் பாஸ்டரின் ஆட்கள் சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரர் ஓடி வந்தார். "பொணமே இல்லாத வீட்ல எழவுப் பந்தலா? நாளைக்கு எவன் இங்க குடி வருவான்? பிரிங்கய்யா!"

"பெத்தவ போயிட்டா, புள்ள இங்க இருக்கான். அப்ப துக்க வீடு இதுதானேங்க?" என்றார் பாஸ்டர். "ஒங்கம்மா தவறுனப்ப ஊரே வந்து ஒக்காந்துச்சு. இவனுக்கு யாரு வருவா? நீங்களே மொதல்ல ஒக்காருங்க."

வீட்டுக்காரர் மழைக்கு ஒதுங்கிச் சாமியானாவுக்குள் வந்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தெருவே வந்தது. பெண்கள் நேரே உள்ளே போய் அவனைச் சூழ்ந்து உட்கார்ந்து, "பெத்தவ மொகத்தப் பாக்க முடியாம போச்சே, என் ராசா!" என்று குரலெடுத்தார்கள். கல்லாக இருந்த பிள்ளை வீட்டுக்காரர் மனைவியின் தோளில் சாய்ந்து, வாய்விட்டு அழுதான்.

"சார், ரெண்டு வார்த்த சொல்லுங்க" என்று பாஸ்டர் என்னை முன்னே தள்ளினார். செதுக்கிய வாக்கியத்தில் முதல் வார்த்தைகூட வரவில்லை. அழுகைதான் வந்தது. தாயை இழந்தவன் எழுந்து வந்து என் முதுகைத் தடவி, "பரவால்ல சார், பரவால்ல சார்" என்று என்னைத் தேற்றும்படி ஆயிற்று.

பிற்பகலில் அவன் ஊரிலிருந்து அடக்கத்தைப் போனில் காட்டினார்கள். பெட்டி குழிக்குள் இறங்கியபோது சாமியானாவின் கீழ் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அதன் பிறகுதான் அவன் ஒரு வாய் டீ குடித்தான்.

எனக்கு ஒன்று ஆகிவிட்டால் வாசலில் பாஸ்டரே வந்து சாமியானா கட்ட வேண்டும் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

"அவரு ஒங்களவிட மூத்தவருங்க" என்கிறாள் அவள்.

தெரியும். அதனால்தான் பெரிய கோயிலுக்குப் போகும்போதெல்லாம், அந்த மனுஷனை எனக்கு முன்னால் கூப்பிட்டுக்கொள்ளாதே என்று சிவனைக் கேட்டுக்கொள்கிறேன்.