பனிமேல் நடந்த பாதுகாப்புக் கூட்டம்

கனடாவின் தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றைக் கட்டி மேய்க்கத் தகுதியுள்ள ஒரே அமைப்பு எங்கள் ஊரின் 'உறைபனிப் பாதுகாப்புக் குழு'தான். பதினோரு ஆண்டுகளாக அதன் தலைவர் அடியேன். போட்டியின்றித் தேர்வு, வேறு யாரும் நிற்காதது தற்செயல்.

பனி உருகத் தொடங்குமுன், மார்ச் முடிவதற்குள், உறைந்த ஆற்றின்மேல் இருக்கும் மீன்பிடிக் குடில்களைக் கரைக்கு இழுத்துவிட வேண்டும். அதை வலியுறுத்தும் கூட்டத்தை ஆற்றின் நடுவே, என் குடிலிலேயே கூட்டினேன். அங்கேதான் அடுப்பு இருந்தது.

முதல் பொருள், கரையில் நடவேண்டிய எச்சரிக்கைப் பலகை. 'தயவுசெய்து' போடுவதா, 'மன்னிக்கவும்' போடுவதா என்று மூன்றாண்டாக இழுபறி. அதற்குள் கோதுமை விவசாயி ஒரெஸ்ட் எழுந்தார்.

"தலைவரே, அடியில ஏதோ விரிசல் விடுற சத்தம். வெளிய பனிமேல நிக்கிற என் வண்டிய கரைக்கு எடுத்துட்டுப் போயிடறேன். விதைப்புக்கு எனக்கு அது ஒண்ணுதான்."

"அது நிகழ்ச்சி நிரல்ல இல்லையே ஒரெஸ்ட். தீர்மானமா கொண்டு வாங்க."

கொண்டு வந்தார். செயலாளர் வெர்னா வழிமொழிந்தார். கதவைத் திறந்தால் குளிருமென்று இன்னொரு உறுப்பினர் கிளாரன்ஸ் எதிர்த்தார். சொந்த வண்டி என்பதால் ஒரெஸ்டுக்கு ஓட்டில்லை. ஒன்றுக்கு ஒன்று. முடிவு என் கையில். வெண்ணெயில் வதக்கிய பெரோகிக் கொழுக்கட்டை ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டபின் பார்க்கலாம் என்று ஒத்திவைத்தேன்.

"தலைவரே, என் பூட்ஸுக்குள்ள தண்ணி," என்றார் வெர்னா.

"குறிப்புல ஏத்திக்குங்க."

ஏற்றிக்கொண்டார். பிறகுதான் எல்லோரும் எழுந்தோம். வாசலில் 'நீங்க முதல்ல', 'இல்லல்ல, நீங்க' என்று நால்வரும் வழிவிட்டு நின்றோம். எங்கள் சமவெளியில் அடுத்தவரை முந்துபவன் மனிதனே அல்ல. நாங்கள் கரை சேர்ந்து திரும்பியபோது வண்டி பாதி மூழ்கியிருந்தது. மரியாதை தெரியாத வண்டி, முந்திக்கொண்டது.

ஒரெஸ்ட் பனி உடைந்த அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்மேல கோபமா?" என்று கேட்டேன்.

"உங்கமேல எதுக்கு தலைவரே? ஓட்டு கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன் பாருங்க, என்மேலதான்."

வெட்கமாக இருந்தது. தின்ற கொழுக்கட்டை நெஞ்சிலேயே நின்றது.

மறுநாள் காலை கரையில் பலகை நின்றது. ஒரெஸ்டே நட்டிருந்தார், தீர்மானம் இல்லாமல். அதில் 'தயவுசெய்து' இல்லை, 'மன்னிக்கவும்' இல்லை. அபாயக் குறி இருக்கவேண்டிய இடத்தில் என் படம் மட்டும் இருந்தது.

சாயங்காலத்துக்குள் மிச்சமிருந்த பதினாறு குடில்களும் கரையேறிவிட்டன.