அது மறியல் இல்லை, நிழல்

அனுப்புநர்: ப. கோதண்டம், கம்பெனி பஸ் டிரைவர் (போன செவ்வாய்க்கிழமை வரை), வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

பெறுநர்: செய்தி ஆசிரியர் அவர்கள், நொடிச்சுடர் தொலைக்காட்சி, சென்னை.

பொருள்: என்னைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கக் கோருதல்.

பெருமதிப்பிற்குரிய அய்யா,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், தங்கள் சேனலில் ராப்பகலாகக் கத்துகிற அத்தனை பேரும் தொண்டை நலத்தோடு இருக்க எங்கள் ஊர் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நாங்கள் கொந்தளித்துக்கொண்டிருப்பதாக இந்த வாரம் முழுக்கத் தாங்கள் சொல்லிவிட்டபடியால், அதற்கு மாறாக நான் எதையாவது எழுதினால் எங்கள் வீட்டிலேயே நம்ப ஆள் கிடையாது. ஆகவே நலம் விசாரிப்பதை இத்தோடு நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அய்யா, நான் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். பஸ் கம்பெனியுடையது இல்லை, கான்ட்ராக்ட் எடுத்திருக்கிற என் முதலாளியுடையது. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் காலை ஷிஃப்ட் முடிந்து வருகிற பெண்பிள்ளைகளை ஏற்றிவந்து ஹாஸ்டலில் விடுவது என் வேலை. எல்லாம் தென்காசி, சங்கரன்கோவில், விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளைகள். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்படி வரும்போது, வல்லம் திருப்பத்தில் கிளட்ச் போய்விட்டது. போகிற கிளட்ச் ஓரமாகப் போய்ப் போகுமா? பஸ்ஸை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுத்தான் போயிற்று. முதலாளிக்குப் போன் போட்டேன். மெக்கானிக் வருவான், அங்கேயே இரு என்றார். அந்த மெக்கானிக் குன்றத்தூரிலிருந்து, சாப்பிட்டுவிட்டு, வர வேண்டும். உள்ளே உட்கார முடியவில்லை, தகரம் கொதிக்கிறது. பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். இறங்கி எங்கே போய் நிற்பது? ரோட்டை அகலப்படுத்தியபோது இருந்த புளிய மரத்தையெல்லாம் வெட்டியாயிற்று. அந்தப் பக்கம் ஒரு கம்பெனியின் மதில், இந்தப் பக்கம் இன்னொரு கம்பெனியின் மதில். கண்ணுக்கு எட்டின தூரத்தில் நிழல் என்று இருந்தது என் பஸ்ஸின் நிழல் ஒன்றுதான். அது ரோட்டின் மேல் விழுந்து கிடந்தது. அதில் போய் உட்கார்ந்தார்கள். இவ்வளவுதான் அய்யா நடந்தது. இதற்கு மேல் நடந்ததெல்லாம் தங்கள் சேனலில் நடந்தது.

ஸ்ரீபெரும்புதூருக்கு வேறு எதற்கோ வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த தங்கள் நிருபர் ரகு தம்பியின் கார், எங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் கன்டெய்னர் லாரிகளோடு மாட்டிக்கொண்டது. வெறுமனே நிற்பானேன் என்று அவர் கேமராக்காரரோடு இறங்கி வந்தார். பிள்ளைகள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுக் காலி பாட்டிலை லாரிக்காரர்களிடம் தூக்கிக் காட்டினார்கள். அது "பாட்டில்களை உயர்த்தி ஆவேசம்" ஆயிற்று. பொழுது சாயச் சாய நிழல் நீண்டது, பிள்ளைகளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அடுத்த பாதைக்கும் போய் உட்கார்ந்தார்கள். அது "மறியல் வலுக்கிறது" ஆயிற்று. முத்துச்செல்வி என்று ஒரு பிள்ளை, விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போன அலுப்பில் வாய் கொள்ளாமல் கொட்டாவி விட்டது. கொட்டாவி விட்டால் யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். அந்தப் படத்தை அப்படியே நிறுத்தி, பின்னால் வயலினை இழுத்து, "நீதி கேட்டுக் கதறும் இளம்பெண்" என்று போட்டீர்களே, அதைப் போட்டவருக்கு வீட்டில் கொட்டாவி விடுகிற பிள்ளை யாரும் இல்லையா?

பிறகு மைக்கை என் வாயருகே நீட்டினார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மெக்கானிக் வேண்டும் என்றேன். வராவிட்டால் என்றார். "வரலன்னா இங்கயேதான் உக்காந்துகினு இருக்கணும், வேற இன்னா பண்றது?" என்றேன். அய்யா, கிளட்ச் என்று சொன்னேன், பஸ் என்று சொன்னேன், மெக்கானிக் என்று சொன்னேன், குன்றத்தூர் என்றுகூடச் சொன்னேன். அத்தனையும் வெட்டிவிட்டு, "இங்கயேதான் உக்காந்துகினு இருக்கணும்" என்பதை மட்டும் சாயங்காலத்திலிருந்து நடுராத்திரி வரை ஓட்டினீர்கள். அடியில், "கோரிக்கை நிறைவேறும் வரை நகர மாட்டோம்: போராட்டக் குழுத் தலைவர் கோதண்டம்." என் வாழ்நாளில் நான் எங்கள் தெருப் பொங்கல் விழாவுக்குக்கூடத் தலைவராக இருந்ததில்லை.

மற்ற சேனல்கள் சும்மா இருக்குமா? என் பஸ்ஸில் மொத்தமே நாற்பது சீட்டுதான். தாங்கள் நானூறு பெண்கள் என்றீர்கள். அடுத்த சேனல் நாலாயிரம் என்றது. ஆளுக்கு ஒரு பூஜ்யமாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அன்று ராத்திரி தங்கள் விவாதத்தில் நாலு கட்டத்துக்குள் நாலு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். ஒருவர் இதில் வெளிநாட்டுச் சதி இருக்கிறது என்றார். ஒருவர் இப்படியே போனால் தொழிற்சாலையெல்லாம் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்றார். மூன்றாமவர் இது புரட்சியின் தொடக்கம் என்றார். நாலாமவரால் கடைசி வரை வாயைத் திறக்க முடியவில்லை, அவர் ஒருவர்தான் என் கணக்கில் பொய் சொல்லாதவர். "இந்த டிரைவருக்குப் பின்னால் இருப்பது யார்?" என்று தங்கள் நெறியாளர் மேஜையைத் தட்டியபோது, என் வீட்டுக்காரி சுந்தராம்பாள் சோற்றுத் தட்டோடு நின்று பார்த்துவிட்டு, "பின்னாடி யாரு கீறாங்க? கிளீனர்கூட இல்லயே" என்றாள். அவளை யாரும் விவாதத்துக்குக் கூப்பிடுவதில்லை.

மறுநாள் காலையில் தொழிற்சாலையிலிருந்து முதலாளிக்குப் போன். அந்த ஆள் எங்கள் கேட்டுப் பக்கம் வரக் கூடாது என்று. முதலாளி என்னைக் கூப்பிட்டு பஸ் சாவியை வாங்கிக்கொண்டார். ஏற்கெனவே அவருக்கு என் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. மெயின் ரோட்டிலேயே பிள்ளைகளை இறக்கிவிடாமல், சந்துக்குள் ஹாஸ்டல் வாசல் வரை போய், கடைசிப் பிள்ளை உள்ளே போகிறவரை நின்று டீசலை வீணாக்குகிறேனாம். அந்த ரோட்டில் லாரி வருகிற வேகத்தை அவர் வந்து பார்த்தது கிடையாது. கிளட்ச்தான் போயிற்று என்று எவ்வளவோ சொன்னேன். கிளட்ச் மாற்றக் காசு கொடுத்தவரே அவர்தான். அவருக்குத் தெரியாதா? ஆனாலும் சொன்னார்: "எனக்குத் தெரிஞ்சி இன்னா பிரயோஜனம், கோதண்டம்? கம்பெனிக்காரன் டிவிய நம்புறான். மறியல் இல்லன்னு அந்த டிவிக்காரனே சொல்லட்டும், அன்னிக்கே சாவியக் குடுக்கிறேன்." திங்கட்கிழமை வரை அடுத்த ரூட் பஸ்ஸை இரண்டு நடை ஓடவிட்டுப் பார்ப்பாராம், அதற்கப்புறம் வேறு ஆளைப் போட்டுவிடுவாராம். அய்யா, எனக்கு ஐம்பத்தைந்து வயது. நாங்கள் நெல் போட்ட இடத்தில் இப்போது கன்டெய்னர் நிற்கிறது. இந்த ஸ்டியரிங்கை விட்டால் எனக்குப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் கிடையாது.

இதற்கிடையில் முன்பின் தெரியாத நாலு பேர் வீட்டுக்கு வந்து எனக்குச் சால்வை போர்த்திவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் தெரு தாண்டுவதற்குள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். நான் சால்வையோடு நிற்கிறேன். அப்புறம் என்னத்தைச் சொல்லி என்ன? டீக்கடையில் காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள். இதுவரை என்னைக் கண்டால் ஒதுங்கிப் போன பங்காளி ஒருவன், தன் மகனுக்குக் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுக்கச் சொல்லி வந்து உட்கார்ந்துவிட்டான். எனக்கே வேலை போய்விட்டது என்றால், தலைவர்களுக்கு எதற்கு வேலை என்கிறான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். வியாழக்கிழமை காலையில், அந்தக் கொட்டாவிப் பிள்ளை முத்துச்செல்வியின் அப்பா நெல்லையப்பன், சங்கரன்கோவிலிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்து இறங்கினார். மகள் அழுகிற படத்தை ஊரே பார்த்துவிட்டதாம். நேரே என் வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, எம்பிள்ளைய ரோட்டுல உக்கார வச்சது நீங்கதானா?" என்றார். உட்கார வைத்து இட்லி போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையும் வந்து சொன்னாள், அது கொட்டாவிப்பா என்று. ஒரு தடவை கொட்டாவி விட்டும் காட்டினாள். பாவம், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கை கழுவிவிட்டு வந்து, "நீங்க சொல்லுததும் சரியாத்தான் இருக்கு. ஆனா டிவில அப்படிக் காட்டுதானே, சும்மாவா காட்டுவான்?" என்றார். பெற்ற மகள் எதிரே நிற்கிறாள், அவருக்குப் பெட்டிக்குள் தெரிந்த மகள்தான் மகள். அந்தப் பிள்ளை வேலையை விட்டுப் போக மாட்டேன் என்று அன்று நிஜமாகவே அழுதாள். அதைப் படம் பிடிக்க அங்கே யாரும் இல்லை.

தங்கள் ரகு தம்பியைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை அய்யா, தாங்களும் அவரைக் கோபிக்க வேண்டாம். சின்ன வயசு, தூக்கமில்லாத கண். அவர் சொன்னார்: "அண்ணே, நான் பஸ் ரிப்பேர்னுதான் அனுப்பிச்சேன். ஆபீஸ்ல உக்காந்துகினு மாத்திட்டாங்க. பஸ் ரிப்பேர்னு போட்டா எவன் பார்ப்பான்?" நியாயம்தான். பஸ் ரிப்பேர் செய்தி இல்லை. அந்தத் திருப்பத்தில் விளக்கு எரியாமல் கிடப்பது செய்தி இல்லை. நிற்க ஒரு நிழற்குடை கேட்டு நாங்கள் மனுக் கொடுத்தது செய்தி இல்லை. மழை பெய்தால் ஹாஸ்டல் சந்தில் பிள்ளைகள் முட்டளவு தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போவது செய்தி இல்லை. நான் ராத்திரி சாப்பிட்டுவிட்டு முப்பது வருஷமாகச் செய்தி கேட்கிறவன். எத்தனை ஊர்க் கலவரம், எத்தனை ஊர்ப் பதற்றம் பார்த்து உச்சுக் கொட்டியிருப்பேன். இப்போது படுத்தால் அதுதான் ஞாபகம் வருகிறது. அதில் எத்தனை ஊரில் வெறும் கிளட்ச் போயிருக்குமோ. அசதியாக இருக்கிறது அய்யா.

நான் கேட்பது ஒரே ஒரு வாக்கியம். "வல்லம் திருப்பத்தில் நடந்தது மறியல் இல்லை, பஸ் ரிப்பேர்." சினிமாச் செய்திக்கும் ராசிபலனுக்கும் நடுவில் ஒரு மூலையில் போட்டால்கூடப் போதும். அதோடு அந்தப் படத்தை இனிமேல் எந்தக் காலத்திலும் காட்டக் கூடாது, என்னைத் தலைவர் என்று சொல்லவே கூடாது. மேற்படி மூன்றையும் கருணைகூர்ந்து திங்கட்கிழமைக்குள் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் சேனல் செழிக்கட்டும். தங்கள் வீட்டு வண்டி எதற்கும் நடுரோட்டில் கிளட்ச் போகாமலிருக்கட்டும். அப்படியே போனாலும் பக்கத்தில் கேமரா எதுவும் இல்லாமலிருக்கட்டும்.

இப்படிக்கு,
எந்தக் குழுவுக்கும் தலைவரல்லாத
ப. கோதண்டம்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது முத்துச்செல்வி போன் செய்தாள். முதலாளி திங்கட்கிழமை வரைகூடப் பொறுக்காமல் இன்றைக்கே வேறு டிரைவரைப் போட்டுவிட்டாராம். அந்த ஆள் பிள்ளைகளை மெயின் ரோட்டிலேயே இறங்கச் சொன்னாராம். இறங்கினவர்கள் ஹாஸ்டலுக்குப் போகாமல், கோதண்டம் அண்ணன் வந்தால்தான் எழுந்திருப்போம் என்று ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நாற்பது பேரும். பஸ் போய்விட்டது, நிழல்கூட இல்லை. எனக்காக நாலு பேர் எழுந்து நின்றதுகூடக் கிடையாது அய்யா. ஊருக்குக் கூட்டிப்போக வந்த நெல்லையப்பன் அண்ணாச்சியும் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாராம். "போராடுதான்னு டிவியே சொல்லியாச்சு, இனி எந்திரிச்சுப் போனா நல்லாருக்காது" என்றாராம். ரகு தம்பிக்குப் போன் போட்டேன். அவர் ஆபீசில் கேட்டதற்கு, வல்லம் மறியலெல்லாம் செவ்வாய்க்கிழமையே போட்டாயிற்று, அதில் இனி ஒன்றும் இல்லை என்று தாங்கள் சொல்லிவிட்டீர்களாம். ஆகையால் மேலே எழுதியது அத்தனையையும் தயவுசெய்து அடித்துவிடவும். மறுப்பெல்லாம் வேண்டாம். ஆள் அனுப்ப முடியாவிட்டால் அந்தப் பழைய படத்தையே இன்னொரு தடவை போடுங்கள், கொட்டாவி, வயலின், தலைவர் எல்லாவற்றையும் சேர்த்தே போடுங்கள். நாலாயிரம் பேர் என்று சொன்னாலும் சரி. நானும் கிளம்பிவிட்டேன். சுந்தராம்பாளைக் காணோமே என்று தேடினேன், அவள் குடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னாலேயே போய் அங்கே உட்கார்ந்துவிட்டாளாம்.